இறையிலியும் வரிவிலக்கும்: கொழும்புத் தமிழர் பொது நிறுவனங்களின் சட்ட வரலாறு குறித்து

கொழும்பின் தென்பாகத்திலே வெள்ளவத்தைக்கு அணித்தாக அமைந்துள்ள ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரது ஆட்சிக் காலத்தில் இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. 1891இல் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதற்கு மறு ஆண்டில் நெல்வரியை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. முன்னையது, பலர் கூடி அமைக்கும் சங்கமொன்றினைச் சட்டம் எவ்வாறு அறிந்து ஏற்றுக்கொள்வது என்னும் வினாவுக்கு விடை தர முயன்றது. பின்னையது, வரி செலுத்த இயலாது வலப்பனை போன்ற பகுதிகளிலே காணியையும் உயிரையும் இழந்த விவசாயிகளின் துயரம் பெரும் கண்டனத்துக்குள்ளான பின்னர் அரசு செய்த பின்வாங்கலாகும்.

சங்கம் அமைத்தல், வரியிலிருந்து விடுபடல் ஆகிய இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளைச் சார்ந்தனவாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும், இலாப நோக்கற்ற பொது நிறுவனங்களின் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்பது புலனாகும். யாருடைய நன்மை பொது நன்மை எனக் கொள்ளப்படுகின்றது? அதனை வரையறுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? கொழும்புத் தமிழர் நிறுவனங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இறையிலி என்னும் மரபு

வரிவிலக்கு என்பது மேலைத் தேயத்தாரால் நமக்கு அறிமுகஞ் செய்யப்பட்ட கருத்து அன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே இறையிலி என்னும் சொல் மிகுதியாகப் பயின்று வருவதனை வரலாற்று மாணவர் அறிவர். கோயிலுக்கு விடப்பட்ட தேவதானம், பிராமணருக்கு அளிக்கப்பட்ட பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு உரித்தாக்கப்பட்ட பள்ளிச்சந்தம் என்பன இவ்வாறு வரிநீக்கம் பெற்ற நிலங்களுள் முதன்மையானவை. ஈழத்திலும், திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு தமிழ்க் கல்வெட்டுக்களில் இடம்பெறுவதும், அப்பௌத்தப் பள்ளிக்குத் தமிழர் தானங்கள் வழங்கியமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

இறையிலி பற்றிய செய்திகளிலே நமது கவனத்தை ஈர்க்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. அரசன் இறை நீக்கிய நிலங்களேயன்றி, ஊர்ச்சபையே இறைநீக்கிய நிலங்களும் இருந்தன. தானம் செய்வோன் ஒருவன் ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை முன்கூட்டியே செலுத்திவிடுவான். அந்நிலத்துக்குரிய வரியை ஆண்டுதோறும் தானே இறுப்பதாகச் சபை உடன்படும். ஒரு நிலத்தின்மீது வரி நீங்கியது என்றால் அது மறைந்துவிட்டது என்பது பொருளன்று. பிறிதொருவர் தோளுக்கு அது மாறியது என்பதே பொருள். இடைக்கால ஊர்ச்சபையார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆகையினாலேயே அதற்கு விலை கேட்டனர். இக்காலத்து நிறுவனங்களோ வரிவிலக்கினைத் தமது புண்ணியத்துக்குக் கிடைத்த பரிசில் எனக் கருதும் போக்குடையன. அதன் சுமையை ஏனைய வரியிறுப்பாளர் தாங்குகின்றனர் என்னும் உண்மை அவற்றின் ஆண்டறிக்கைகளிலே இடம்பெறுவது அரிது.

வணிகர் மரபிலே மகமை என்னும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கினைத் தருமத்துக்கென ஒதுக்கி வைப்பது இது. அரசு விதிக்காத, சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட வரி என இதனைக் கூறலாம். கொழும்புச் செட்டியார் தெருவிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய கதிரேசன் கோயில்களின் பின்னணியிலே இத்தகைய வணிகக் கட்டுப்பாடு இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

2. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்புத் தமிழரின் பொது வாழ்வு நகரின் வடபாகத்திலேயே மையங்கொண்டிருந்தது. 1857இல் பொன்னம்பல முதலியார் கொட்டாஞ்சேனையில் நிறுவிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, அவர் மரபில் வந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கற்றளியாகப் புதுப்பித்தார். ஒரு குடும்பத்தின் செல்வமும் பக்தியும் அறமாக வடிவெடுத்த முறைமைக்கு இக்கோயில் சிறந்த உதாரணமாகும். இம்முறைமையில் நிறுவனரும் நிருவாகியும் பெரும்பாலும் ஒரே வழியினர். பொதுமக்கள் வழிபடுவோராவரேயன்றி உறுப்பினராகார்.

இதே கொட்டாஞ்சேனையில் வேறொரு வடிவமும் தோன்றியது. 1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியபோது எழுந்த உற்சாகத்தின் பயனாக, 1902இல் விவேகானந்த சபை உருவாயிற்று. இது தனியொருவரின் கொடையன்று. சந்தா செலுத்தும் உறுப்பினர், தெரிவு செய்யப்படும் நிருவாகசபை, எழுதப்பட்ட விதிகள் என்பவற்றைக் கொண்ட சபையாகும். யாழ்ப்பாணத்தில் 1888இல் தோன்றிய சைவ பரிபாலன சபையும் இவ்வகையினதே. மிஷனரிமாரின் அமைப்பு முறைகளை அவர்களோடு போட்டியிடுவதற்காகவே சைவர் கற்றுக்கொண்டனர் என்பது இம்மறுமலர்ச்சி இயக்கத்தின் முரண்சுவை மிக்க அம்சமாகும். ஆறுமுக நாவலர் தனிமனித ஆற்றலினாலே பாடசாலையும் அச்சகமும் நடத்தினார். பஞ்சமும் கொள்ளைநோயும் யாழ்ப்பாணத்தை வாட்டிய 1877ஆம் ஆண்டளவிலே கஞ்சித்தொட்டித் தருமமும் நடத்தினார். அவருக்குப் பின்வந்த தலைமுறையினரோ சபை அமைத்தே இத்தகைய பணிகளைத் தொடர வேண்டியவராயினர்.

1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகைவண்டிப் போக்குவரத்துத் தொடங்கியதன் பின்னர், எழுதுவினைஞரும் ஆசிரியரும் உயர்தொழில் வல்லோருமாகத் தலைநகரில் குடியேறிய மத்தியதர வர்க்கம் வெள்ளவத்தையையும் அதனை அடுத்த பகுதிகளையும் தனது வாழிடமாக்கிக்கொண்டது. 1942இல் தோன்றிப் பின்னர் வெள்ளவத்தையில் தனக்கென மண்டபமும் நூலகமும் கண்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இவ்வர்க்கத்தின் ஆக்கமே எனலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இச்சூழலிலேயே பெருகின. கொட்டாஞ்சேனை மரபிலே மூலதனம் செல்வரின் கொடை. வெள்ளவத்தை மரபிலே மூலதனம் மாதச் சம்பளத்திலிருந்து செலுத்தப்பட்ட சந்தா. இவ்வேறுபாடு சட்ட வடிவத்திலும் பிரதிபலித்தது.

3. சங்கத்துக்கு உடல் தேடல்

பலர் கூடி ஒரு பெயரைச் சூட்டிக்கொண்ட மாத்திரத்தில் சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் உயிர் உண்டாவதில்லை. அது காணி வாங்க முடியாது. வழக்குத் தொடர முடியாது. அதன் பெயரால் வாங்கப்படும் காணி உண்மையில் ஒரு சில தனிமனிதரின் பெயரிலேயே உறுதி எழுதப்படும். அவர்கள் இறந்தபின் அவர்தம் பிள்ளைகள் உரிமை கோரினால் சங்கம் நீதிமன்ற வாசலில் நிற்க நேரும். இவ்விடரிலிருந்து விடுபட இலங்கையில் நான்கு வழிகள் காலப்போக்கில் ஏற்பட்டன.

முதலாவது, மேற்கூறிய 1891ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். ஆங்கிலத் தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்ட இது, நோய், முதுமை, மரணம் ஆகியவற்றின்போது உறுப்பினர்க்கு உதவும் சங்கங்களையே முதன்மையாகக் கருத்திற்கொண்டது. மரண உதவிச் சங்கங்களுக்கு இது பொருந்தும். ஆனால் தன் உறுப்பினர்க்கு உதவுவது வேறு, பொதுமக்களுக்கு உதவுவது வேறு என்னும் பேதம் இங்கேயே கருக்கொள்கின்றது.

இரண்டாவது, 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச்சட்டம். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி, ஆதனத்தை நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கும் முறை இது. இதன் 99ஆம் பிரிவு தரும நம்பிக்கைப் பொறுப்பினை வரையறுக்கின்றது. வறுமை நீக்கம், கல்வி அல்லது அறிவின் வளர்ச்சி, சமய வளர்ச்சியும் சமயக் கிரியைகளின் பேணுகையும், இவற்றில் அடங்காத மனித குலத்துக்குப் பயனுள்ள ஏனைய நோக்கங்கள் என அது நான்கு வகைகளை வகுக்கின்றது. இப்பாகுபாட்டின் மூலத்தை இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1891இல் தீர்த்த பெம்செல் வழக்கிலே காணலாம். மொரேவியன் திருச்சபையின் மிஷனரிப் பணிக்கான நிதியொன்று வருமான வரி விலக்குக்கு உரியதா என்பதே அவ்வழக்கின் பொருள். அதாவது, தருமம் யாது என்பதற்கு நாம் இன்றும் கையாளும் இலக்கணம், அறநூலாரின் ஆராய்ச்சியிலன்றி வரித் தகராறொன்றிலே வடிவம் பெற்றதாகும். அதே 1891ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சங்கங்கள் சட்டமும் பிறந்தமை ஒரு தற்செயல் நிகழ்ச்சியாயினும் சிந்தனைக்குரியது.

மூன்றாவது, கம்பனிச் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிதல். 1938ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முதல் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வரை இதற்கு இடமுண்டு. பங்குகள் இல்லை, இலாபம் பகிரப்படுவதில்லை, கலைக்கப்படுங்கால் ஒவ்வோர் உறுப்பினரும் குறித்த ஒரு சிறு தொகைக்கே பொறுப்பாவர்.

நான்காவது, சட்டமன்றத்திலே தனிச் சட்டமொன்றின் மூலம் கூட்டிணைத்தல். இராமகிருஷ்ண மிஷனின் இலங்கைக் கிளை உட்படப் பல சமய நிறுவனங்கள் இவ்வழியைப் பின்பற்றின. இதிலே கௌரவம் உண்டு. நிலைபேறும் உண்டு எனக் கருதப்பட்டது. ஆயின், சட்டமன்றம் தந்ததைச் சட்டமன்றமே எடுக்கவும் கூடும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கிறித்தவ சபைகளோடு சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் தனது பாடசாலைகளை இழந்தது. கல்வியைப் பொதுவுடைமையாக்கியது என்னும் வகையில் அந்நடவடிக்கையை முற்போக்காளர் பலர் வரவேற்றனர். எனினும், சட்டபூர்வமான உருவம் அரச அதிகாரத்துக்கு எதிரான அரணாகாது என்பதனை அது உணர்த்திற்று.

4. பொது என்பது யாது? ஒரு வழக்கின் பாடம்

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் அறிமுகஞ் செய்யப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் ஏற்றுமதி வருவாயைக் குலைத்திருந்த காலம் அது. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, தரும நோக்கங்களுக்காக மட்டுமே நிறுவப்பட்ட, பொதுத் தன்மை வாய்ந்த நிறுவனம் அல்லது நம்பிக்கைப் பொறுப்பின் வருமானத்துக்கு விலக்களித்தது. தரும நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. பொதுத் தன்மையும் வேண்டும் என்பது இங்கு உற்றுநோக்கற்பாலது.

இந்நிபந்தனையின் உட்பொருளைத் தெளிவாக்கியது கொழும்பிலே எழுந்த அப்துல் கபூர் நம்பிக்கைப் பொறுப்பு வழக்காகும். கொழும்பு முஸ்லிம் செல்வர் ஒருவர் 1942இல் எழுதிய உறுதியின்படி, அவரது மறைவின் பின்னர் ஆதன வருமானத்தைத் தகுதியுள்ள இஸ்லாமிய இளைஞரின் கல்விக்குச் செலவிட வேண்டும். நோக்கம் கல்வி, ஆகவே தருமம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பயன்பெறுவோரின் வரிசையிலே முதலிடம் உறுதியாளரதும் அவர்தம் சகோதர சகோதரியரதும் வழித்தோன்றல்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. அத்தகையோர் இல்லாவிடத்தே இலங்கைச் சோனக சமூகத்தின் ஏனைய இளைஞருக்கு வாய்ப்புண்டு. ஓர் ஆண்டுக்குரிய வரி தொடர்பாக மீளாய்வுச் சபை பொறுப்பாளருக்குச் சாதகமாகத் தீர்த்தது. அடுத்த ஆண்டுகளுக்கு ஆணையாளர் மீண்டும் வரி விதித்தார். வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது.

1961இல் கோமறைக் கழகம் இரு முடிபுகளைக் கூறிற்று. ஓர் ஆண்டுக்கான வரித் தீர்ப்பு பின்வரும் ஆண்டுகளைக் கட்டுப்படுத்தாது என்பது ஒன்று. இந்நம்பிக்கைப் பொறுப்பு அடிப்படையில் ஒரு குடும்பத்தினது ஆதலின் பொதுத் தன்மை வாய்ந்ததன்று என்பது மற்றொன்று. வரிவிலக்கு மறுக்கப்பட்டது.

இத்தீர்ப்பு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. நமது தமிழ் நிறுவனங்களின் யாப்புக்களை இவ்வுரைகல்லிலே உரைத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் ஊரின் மக்கள் அனைவருக்கும் பயன்படும் நிதியம் பொதுமக்களின் ஒரு பிரிவினருக்கு உரியது எனக் கொள்ளப்படலாம்; ஊரில் வாழ்தல் இரத்த உறவன்று. ஆனால் உறுப்புரிமைப் படிவத்திலே ஊர்ப் பெயரைக் கேட்டு, அதன் மறைவிலே குலத்தை வடிகட்டும் சங்கம் எவ்வகையிற் பொதுவாகும்? பொதுத் தருமம் எனப் பெயர் கொண்டு, ஒரு பகுதி மக்களுக்குக் கதவடைத்து நின்ற கோயில்களை யாழ்ப்பாணத்திலே நாம் கண்டதில்லையா? 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. குடும்ப நிதியத்தைப் பொது நிதியமன்று எனக் கண்டுகொண்ட சட்டம், சாதி காக்கும் நிருவாகத்தை அவ்வாறு எளிதிற் கண்டுகொள்ளவில்லை. வரி அதிகாரி கேளாத இவ்வினாவைச் சமூக வரலாற்று மாணவர் கேட்டே ஆகவேண்டும்.

5. பதிவும் கண்காணிப்பும்

1970களின் பிற்பகுதி முதல் தொண்டர் அமைப்புக்களின் தன்மையில் பெருமாற்றம் நிகழ்ந்தது. திறந்த பொருளாதாரக் கொள்கையோடு வெளிநாட்டு நிதியும் வந்தது; இனக் கலவரங்களின் விளைவாக அகதிகளும் பெருகினர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் இடம்பெயர்ந்த மலையகத் தமிழரை வவுனியா முதலிய பகுதிகளிற் குடியமர்த்திய காந்தியம், கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோரால் வழிநடத்தப்பட்டது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதாயினர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார். காணியற்றோருக்குக் காணி தேடிக்கொடுக்கும் பணி, அதனை நோக்கும் அரசின் கண்ணுக்கேற்ப, தருமமாகவோ குற்றமாகவோ தோன்றும் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புக்கள் (பதிவும் மேற்பார்வையும்) சட்டம் இக்காலகட்டத்தின் ஆக்கமாகும். அதன் பெயரிலேயே மேற்பார்வை என்னும் சொல் இடம்பெறுகின்றது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம், மோசடி இடம்பெற்றதாகக் கருதப்படும் அமைப்பொன்றுக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்க வழிசெய்தது. 2010இன் பின்னர் சில ஆண்டுகள் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இயங்கியமையும் குறிப்பிடத்தக்கது.

தனிச் சட்டத்தால் கூட்டிணைக்கும் வழியும் ஒடுங்கிற்று. 2001க்கும் 2003க்கும் இடையில், மூன்று கிறித்தவ நிறுவனங்களின் கூட்டிணைப்புச் சட்டமூலங்களை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்மானித்தது. சமயப் பணியையும் பொருளுதவியையும் ஒருங்கே நோக்கமாகக் கொள்வது பிறரை மதம்மாறத் தூண்டக்கூடும் என்பது அதன் நிலைப்பாடு. மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகளின் வழக்கிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் வேறு முடிபுக்கு வந்தது. சமய சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன என்பது அதன் கருத்து. பசித்தோர்க்கு உணவிடலைச் சமயக் கடமையாகக் கொண்ட எந்தச் சிறுபான்மையினரும், நம்மவர் உட்பட, இம்முரண்பாட்டை ஆழ்ந்து நோக்குதல் தகும்.

வரி நிலைமையும் மாறிற்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டு இறைவரிச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, தரும நிறுவனங்களின் வருமானத்துக்கு நூற்றுக்கு 14 வீதம் என்னும் சலுகை விகிதமே வகுக்கப்பட்டது. அரசசார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடைகளில் நூற்றுக்கு 3 பங்கு வருமானமாகக் கருதப்பட்டு, அதன்மீது 28 வீத வரி விதிக்கப்பட்டது. பத்து இலட்சம் ரூபா நன்கொடை பெற்றால் 30,000 ரூபா வருமானம் எனக் கொள்ளப்படும். வரி 8,400 ரூபா. தொகை சிறிது. ஆனால் 1932இன் கொள்கை தலைகீழாயிற்று. தருமத்துக்கு வந்த பணம் வருமானமன்று என்ற நிலை மாறி, அதில் ஒரு பங்கு வருமானமே என்னும் ஊகம் சட்டமாயிற்று.

நன்கொடையாளர் பெறும் சலுகை இன்னும் ஒடுங்கியது. அமைச்சரால் வர்த்தமானியில் அங்கீகரிக்கப்பட்டு, நோயாளர்க்கும் வறியோர்க்கும் நிறுவன ரீதியான பராமரிப்பு வழங்கும் தரும நிலையங்களுக்கு அளிக்கப்படும் கொடைக்கே அது உரியதாயிற்று. தனிமனிதருக்கு அதன் உச்சவரம்பு, வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றுட் குறைந்தது. ஆகவே முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பவர் சலுகை பெறலாம். தமிழ் நூலகத்துக்குக் கொடுப்பவர் இவ்வகையிற் பெறுமாறில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் தருமத்தின் இரண்டாம் வகையாக மதித்த அறிவு வளர்ச்சி, கொடையாளரின் சலுகைக் கணக்கிலே இடமிழந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு நூலகம் ஆடம்பரமன்று. ஆதுலர் சாலையைப் போன்றே இன்றியமையாத தேவையாகும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்துச் சில முடிபுகளுக்கு வரலாம். சட்ட வடிவமும் வரிவிலக்கும் அரசுக்கும் மக்கள் அமைப்புக்கும் இடையிலான உடன்படிக்கைகள். அவ்வுடன்படிக்கையின் மையச் சொல் பொது என்பதாகும். அரசு அச்சொல்லைத் தன் வசதிக்கேற்ப ஒடுக்குகையில் நாம் எதிர்த்தல் வேண்டும். சமயம் அல்லது மொழி காரணமாக ஒரு சாரார் கூட்டிணையும் உரிமையை இழப்பதும், கண்காணிப்பு என்னும் பெயராலே தொண்டு முடக்கப்படுவதும் பொது நன்மைக்கு விரோதமானவை.

ஆயின், அதே சொல்லை நாமே நமது சங்கங்களுக்குள் ஒடுக்கி வைத்துக்கொண்டு அரசிடம் விரிவு கேட்பது நேர்மையாகாது. உறுப்புரிமை எவர்க்கும் திறந்திருத்தல், கணக்குகளை ஆண்டுதோறும் தமிழிலே வெளியிடுதல், நம்பிக்கைப் பொறுப்பு வழிவழியாக ஒரு குடும்பத்திலே தங்கிவிடாது மாறுதல் என்பன எந்தச் சட்டமும் கேட்குமுன்னரே நாம் செய்யவேண்டியவை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தை நோக்கி நாவலர் எழுப்பிய கண்டனங்கள் நூற்றாண்டு கடந்தும் காலாவதியாகவில்லை.

இடைக்கால ஊர்ச்சபை இறைநீக்கத்துக்கு விலை கேட்டது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று ஒரு சங்கம் வரிவிலக்குக் கோரி விண்ணப்பிக்குமாயின், அச்சலுகையின் சுமையைத் தாங்குவோருள் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மறைமுக வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியும் ஒருவர். அவர் அச்சங்கத்தின் வாசலுக்கு வந்தால் உள்ளே அழைக்கப்படுவாரா? பொதுத் தன்மை என்பதற்கு நாம் காணக்கூடிய மிகச் சிறந்த உரைகல் இவ்வினாவேயாகும்.